அடக்குதலும் அடங்குதலும்: யோக நெறியில் மனம் அமைதியுறும் வகை

தியானம் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் சில நாள்களிலேயே அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். காரணம் வினவினால் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: 'மனத்தை அடக்க முடியவில்லை.' கண்களை மூடிய உடனே முன்னிலும் மிகுதியாக எண்ணங்கள் எழுகின்றன. முடிக்காத வீட்டுப்பாடம், நண்பரோடு நேர்ந்த பிணக்கு, கைப்பேசியில் கண்ட காட்சி என ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கின்றன. தமக்கு இது கைவராது என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். தம் மனமே பழுதுடையது போலும் என்று எண்ணி வருந்துவோரும் உளர்.

இம்முடிவுக்குக் காரணம் அவர்தம் மனத்தின் குறை அன்று. நாம் அவர்களுக்கு எடுத்துக்கொடுத்த ஒரு வினைச்சொல்லின் குறை. 'மனத்தை அடக்கு' என்று நாம் பணிக்கிறோம். யோக நெறியோ மனத்தைப் பொறுத்தவரையில் 'அடங்கு' என்னும் வினைக்கே பெரிதும் இடம் தருகிறது. இவ்விரு வினைகளின் வேறுபாட்டை விளக்குவதும், அதன் வழியே யோக நெறியின் அமைப்பைக் காண்பதும், வகுப்பறையில் அதனைப் பயன்கொள்ளும் முறையைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கங்கள் ஆகும். மொழியியல் கற்றவன் யோகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவன் நுழைவதற்கு உரிய வாயில் சொல்லே அன்றோ!

இயங்குவினையும் இயக்குவினையும்

தமிழில் ஒரே அடியிலிருந்து இரட்டையாய்க் கிளைக்கும் வினைகள் பல உள்ளன. திரும்பு–திருப்பு, திருந்து–திருத்து, ஒடுங்கு–ஒடுக்கு, அடங்கு–அடக்கு ஆகியவற்றை நோக்குக. முதல் வடிவில் உள்ள மெல்லினம் இரண்டாம் வடிவில் வல்லினமாகிறது. ஆறு–ஆற்று என்பதில் ஒற்று இரட்டிக்கிறது. வேறு சில வினைகளில் பகுதி மாறாது; கால இடைநிலையே வேறுபாட்டைக் காட்டும். வடிந்தது–வடித்தது, அமைந்தது–அமைத்தது என்பன அவ்வகையின.

இவற்றை மரபிலக்கணத்தார் தன்வினை, பிறவினை என வழங்குவர். மொழியியல் அறிஞர் கு. பரமசிவம் இவ்விணைகளை நுட்பமாக ஆராய்ந்து, இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிட்டார். ஒரு பொருளிடத்தே நிகழ்வதைக் கூறுவது இயங்குவினை. அந்நிகழ்வை மற்றொருவர் விளைவிப்பதைக் கூறுவது இயக்குவினை. தேநீர்க்கடைக்காரர் தேநீரை ஆற்றுகிறார், தேநீர் ஆறுகிறது. அவர் செய்வது ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஊற்றுவது மட்டுமே. சூடு தானே நீங்குகிறது. இரு வினைகளும் ஒரே நேரத்தில் நிகழினும், ஒன்று செய்பவர் கையில் இருக்கிறது. மற்றொன்று பொருளின் இயல்பில் இருக்கிறது.

மலாக்காவில் வாழும் நமக்கு இதனினும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுதல் இம்மாநிலத்தில்தான் தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவருக்கு ஊக்கம் அளித்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராய் இருந்த ரிட்லி ஆவார். மரத்தைக் கொத்திச் சிதைத்துப் பால் எடுக்கும் பழைய முறைக்கு மாற்றாக, பட்டையை மட்டும் மெல்லிதாய்ச் சீவும் முறையை அவர் வகுத்தார். அதன் பிறகே ஒரே மரத்தில் பல்லாண்டுகள் பால் எடுத்தல் இயல்வதாயிற்று.

பால்வெட்டுத் தொழில் செய்த பெற்றோரையோ பாட்டன் பாட்டியரையோ உடையவர்கள் இதன் நுட்பத்தை அறிவர். வெட்டுபவர் கையில் உள்ளவை சில. கத்தியைத் தீட்டி வைத்தல், விடியுமுன் மரத்தடிக்குச் செல்லுதல், சரிவான கோட்டில் உரிய ஆழத்திற்குப் பட்டையைச் சீவுதல், மங்கினைப் பொருத்துதல் என்பன அவை. அதன்பின் பால் தானே வடியும். மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் வைகறையில் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். பிறகு தானே உறைந்து நின்றுவிடும். கூடுதல் பால் வேண்டும் என்று ஆழ வெட்டினால் உள்மரம் புண்படும். அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். பிற்காலத்தில் அங்கே வெட்ட இயலாது. வெட்டுதல் மனிதர் வினை. வடிதல் மரத்தின் வினை. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் யோக நெறியின் பாதி விளங்கிவிடும்.

பெயர்ச்சொல் மறைக்கும் வேறுபாடு

இவ்வளவு தெளிவான வேறுபாடு நம் பேச்சில் ஏன் குழம்பிப்போயிற்று? அதற்கும் இலக்கணத்திலேயே ஒரு காரணம் உண்டு. இவ்வினைகள் பெயர்ச்சொற்களாக மாறும்போது இரு வடிவங்களும் ஒன்றாகிவிடுகின்றன. 'பொருள் விளங்கியது' என்பதும் 'ஆசிரியர் விளக்கினார்' என்பதும் வேறு வேறு. ஆனால் இரண்டிற்கும் பெயர் 'விளக்கம்' என்பதே. அவ்வாறே திருந்துதலும் திருத்துதலும் 'திருத்தம்' ஆகும். ஒடுங்குதலும் ஒடுக்குதலும் 'ஒடுக்கம்' ஆகும். அடங்குதலும் அடக்குதலும் 'அடக்கம்' என்னும் ஒரே பெயருள் மறைந்து நிற்கும்.

ஆகவே 'மன அடக்கம்' என்று ஒருவர் கூறும்போது, மனம் தானே அடங்கிய நிலையைக் குறிக்கிறாரா, ஒருவர் தம் மனத்தை வலிந்து அடக்கியதைக் குறிக்கிறாரா என்பதை அச்சொல்லைக் கொண்டு துணிதல் இயலாது. கேட்பவர் தம் பழக்கத்திற்கேற்பப் பொருள் கொள்வர். கட்டளைகளையே மிகுதியாய்க் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இயக்குவினையாகவே கொள்வது வியப்பன்று.

இவ்விடத்தில் திருக்குறளின் 13ஆம் அதிகாரமாகிய அடக்கமுடைமை நமக்குத் துணைசெய்கிறது. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் வினைவடிவங்களை மாணவர்கள் தாமே தொகுத்துப் பார்க்கலாம். முதற்குறளில் அடக்கத்திற்கு எதிராக நிறுத்தப்படும் சொல் 'அடங்காமை' என்பது, 'அடக்காமை' அன்று. எதிர்ச்சொல் இயங்குவினையிலிருந்து பிறந்ததாயின், அடக்கம் என்னும் சொல்லும் அங்கு அடங்குதலையே குறிக்கிறது என்பது தெளிவு. மேலும் அவ்வதிகாரத்தில் 'அடங்கப்பெறின்', 'அடங்கியான்', 'அடங்கல்' என்னும் வடிவங்கள் வருகின்றன. இவை யாவும் இயங்குவினைகளே. அவற்றுள்ளும் 'அடங்கப்பெறின்' என்பதில் உள்ள 'பெறு' என்னும் வினை, அடக்கம் என்பது ஒரு பேறு என்பதையும் உணர்த்துகிறது.

அவ்வதிகாரத்தில் இயக்குவினை ஓரிடத்தில் வருகிறது. ஆமையை உவமை கூறி, ஐம்பொறிகளையும் உள்ளிழுத்துக்கொள்வதைச் சொல்லும் 126ஆம் குறளில் 'ஐந்தடக்கல்' என்று வள்ளுவர் ஆள்கிறார். கண்ணை மூடலாம்; நாவைக் காக்கலாம்; கையைக் கட்டுப்படுத்தலாம். இவை நம் செயலுக்கு உட்பட்டவை. ஆகவே பொறிகளுக்கு 'அடக்கு' என்பதும் மனிதருக்கு 'அடங்கு' என்பதும் பொருந்தி அமைகின்றன.

இலக்கணம் மெய்ப்பொருளை நிறுவிவிடாது. ஆயினும், ஒரு மொழியைப் பேசிய மக்கள் தம் அகவாழ்வை எவ்வாறு பகுத்துக் கண்டனர் என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

பதஞ்சலியின் மூன்று சொற்கள்

யோக நெறியைச் சுருங்கத் தொகுத்த நூல் பதஞ்சலியின் யோக சூத்திரம். சமாதி பாதம், சாதன பாதம், விபூதி பாதம், கைவல்லிய பாதம் என நான்கு பகுதிகளை உடையது. யோகம் என்பது யாது என்பதை அந்நூல் தன் இரண்டாம் சூத்திரத்திலேயே சித்தம், விருத்தி, நிரோதம் என்னும் மூன்று சொற்களைக் கொண்டு வரையறுக்கிறது.

சித்தம் என்பது எண்ணுதல், துணிதல், 'நான்' என உணர்தல் ஆகிய அகச்செயல்கள் அனைத்திற்கும் இடமாகிய உட்கருவி. சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பகுத்து உரைப்பதைப் பதஞ்சலி சித்தம் என்ற ஒரு சொல்லில் அடக்குகிறார். விருத்தி என்பது சுழற்சி அல்லது அசைவு. சித்தம் கொள்ளும் வடிவங்கள் விருத்திகள் ஆகும்.

விருத்திகள் ஐந்து. அவை சரியான அறிவு, திரிபறிவு, விகற்பம், உறக்கம், நினைவு என்பன. இவற்றுள் விகற்பம் மொழி ஆசிரியர்கள் தனித்து நோக்கத்தக்கது. பொருள் இல்லாதிருக்கவும் சொல்லின் வழியே தோன்றும் அறிவு விகற்பம் எனப்படும். முயற்கொம்பு, ஆகாயத் தாமரை என்பன வழக்கமான சான்றுகள். ஆயின் நம் அன்றாட மனக்கலக்கத்தில் பெரும்பகுதி இவ்வகையினதே. 'அவர் என்னைப் பற்றி இப்படி நினைத்திருப்பார்', 'நாளை தேர்வில் இப்படி ஆகிவிட்டால்' என்று நமக்குள் நாமே பேசிக்கொள்கிறோம். அங்கே பொருள் இல்லை. சொற்றொடர் மட்டுமே உண்டு. மனத்தின் இரைச்சல் பெரும்பாலும் மொழியால் ஆனது என்பதைக் கண்டுகொள்வதே அமைதிக்கு ஒரு தொடக்கம்.

மூன்றாம் சொல் நிரோதம். வடமொழியில் தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தெங்கேராவில் வாழ்வோர்க்குத் தடுப்பு என்பது அயலான கருத்தன்று. இவ்வூரின் பெயரே அரண் வேலியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபாகும். அதனால் நிரோதம் என்றதும் எண்ணங்களுக்கு எதிராக ஒரு மதிலை எழுப்புவது என்று நாம் கருதிவிடுதல் எளிது. தமிழ் 'அடக்கம்' போலவே நிரோதமும் ஒரு பெயர்ச்சொல். செய்பவர் யார் என்பதை அது காட்டவில்லை. ஆனால் பதஞ்சலி அங்கே நிறுத்திவிடவில்லை. நிரோதம் எதனால் கைகூடும் என்பதைச் சில சூத்திரங்கள் கடந்து விளக்குகிறார். பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்பது அவர் விடை. பகவத் கீதையின் 6ஆம் இயலிலும், மனம் காற்றைப் போலப் பிடிபடாதது என்று முறையிடும் அருச்சுனனுக்குக் கண்ணன் கூறும் விடை இவ்விரண்டுமே.

இவ்விரண்டில் எதுவும் எண்ணத்தை நேரே தாக்கும் செயல் அன்று என்பதைக் கருதுக. பயிற்சி என்பது நிலைத்திருக்க மீண்டும் மீண்டும் முயலுதல். அதனை நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்புடன் செய்தல் வேண்டும் என்கிறார் பதஞ்சலி. பற்றின்மை என்பது எழும் எண்ணத்தின் பின்னே ஓடாதிருத்தல். ஒன்று வெட்டும் கை. மற்றொன்று ஆழ வெட்டாத நிதானம்.

எட்டு உறுப்புகளில் நம் பங்கு

யோகத்தின் எட்டு உறுப்புகளைத் தமிழ் உலகிற்கு விரித்துரைத்தவர் திருமூலர். பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது இதற்கே உரியது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் வரிசையை இனி நம் இரு வினைகளைக் கொண்டு நோக்குவோம்.

இயமம் என்பது கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய விலக்குகள். நியமம் என்பது தூய்மை, நிறைவுளம், நோன்பு, கல்வி முதலிய கடைப்பிடிகள். இவை நாம் செய்யக் கூடியவை. ஆதனம் என்பது இருக்கை. அது நிலையாகவும் சுகமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே பதஞ்சலி கூறும் இலக்கணம். முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்று அவர் அடுத்துச் சொல்வது கருதத்தக்கது. உட்காருவது நம் செயல். உட்கார்ந்தபின் இறுக்கத்தை விடுவதும் அதன் பகுதியே.

பிராணாயாமம் மூச்சின் ஒழுங்கு. உள்வாங்கல் 16, நிறுத்தல் 64, வெளிவிடல் 32 என மாத்திரைக் கணக்கைத் திருமூலர் தருகிறார். அம்மூன்றையும் முறையே ஏறுதல், ஆறுதல், ஊறுதல் என்னும் சொற்களால் அவர் குறிப்பது மொழி பயில்வோர் மகிழத்தக்க செய்தி. மூன்றும் இயங்குவினைகள். காற்றைப் பிடித்தல் என்றும் அவர் பிறிதோரிடத்தில் கூறுவார். அங்கே கணக்கும் ஒழுங்கும் நம் பங்கு என்பது புலப்படும். கணக்கு நம்முடையது, ஏறுவதும் ஆறுவதும் மூச்சினுடையது. இக்கணக்கை ஆசான் துணையின்றி மாணவர்கள் முயலுதல் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைத்தல் நலம்.

பிரத்தியாகாரம் பொறிகளைப் புறத்திலிருந்து மீட்டல். வள்ளுவரின் ஆமை செய்வது இது. தாரணை கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துதல். இதுவரை வந்த ஆறும் இயக்குவினைகளால் கூறத்தக்கவை. ஏழாவதாகிய தியானத்தில் வினை மாறுகிறது. நிறுத்திய இடத்தில் கவனம் அறாது ஒழுகுவதே தியானம். எண்ணெய் ஒழுக்கை உவமையாகச் சொல்வது மரபு. ஒழுகுதல் இயங்குவினை. எட்டாவதாகிய சமாதியில் 'நான் தியானிக்கிறேன்' என்னும் உணர்வும் ஒடுங்குகிறது. ஒடுங்குதலும் இயங்குவினையே. நாம் செய்வது ஆறாம் படிவரை. அதன்பின் நிகழ்வதற்கு இடம் தருகிறோம்.

தியானம் என்னும் இச்சொல் நெடும்பயணம் செய்த சொல்லாகும். பாலி மொழியில் சானம் என்றாகி, பௌத்தத்தோடு சீனம் சென்று சான் எனச் சுருங்கி, யப்பானில் சென் என்று வழங்கலாயிற்று. மலாக்காவின் பொற்கொல்லர் தெருவில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயில் உள்ளது. அதனை அடுத்துக் கம்போங் கிலிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. அவ்வழியே நடக்கும் நம் மாணவர்கள், சீன நண்பர் கூறும் சானும் தாம் கூறும் தியானமும் ஒரே சொல் என்பதை அறிந்திருத்தல் நன்று.

ஒடுக்கத்திலும் இரு வகை உண்டு என்பதை இரமண மகரிஷி தம் 30 பாக்களாலான உபதேச உந்தியாரில் விளக்குகிறார். இலயம், நாசம் என்பன அவை. இலயத்தில் ஒடுங்கிய மனம் மீண்டும் எழும்; நாசத்தில் எழாது. தோட்டங்களில் வரிசை வீடுகளைக் குறித்த 'லயம்' ஆங்கிலச் சொல்லின் திரிபு, இதனோடு தொடர்பற்றது. மூச்சைக் கவனித்து ஒரு மாணவர் பெறும் சிறுபொழுது அமைதி இலயத்தின் பாற்படும். அது மீண்டும் கலையும். கலைவது தோல்வியன்று, அதன் இயல்பே அது.

குரங்கை நினையாமல் மருந்து குடித்தல்

வலிந்து அடக்கினால் நேர்வது யாது என்பதை நம் முன்னோர் ஒரு வேடிக்கைக் கதையால் அறிந்திருந்தனர். மருந்து கொடுத்த வைத்தியர், 'இதனைக் குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே' என்றாராம். நோயாளி வாழ்நாள் முழுவதும் அம்மருந்தைக் குடிக்கவே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் தானியல் வெக்னரும் அவர்தம் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கதையின் ஆய்வுக்கூட வடிவம் எனலாம். வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது என்று மாணவர்களிடம் கூறி, ஐந்து நிமிடம் தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லச் செய்தனர். கரடி நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒரு மணியை அடிக்க வேண்டும். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. பின்னர், நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்கள் மிகுதியாக நினைத்தனர். அடக்கப்பட்ட எண்ணம் அடங்கவில்லை, காத்திருந்தது.

மனம் அலைவது எவ்வளவு இயல்பானது என்பதையும் ஓர் ஆய்வு காட்டுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகிய இருவர் 2010ஆம் ஆண்டில் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக வெவ்வேறு வேளைகளில் வினவினர். வினவிய வேளைகளில் 46.9 விழுக்காட்டில், செய்துகொண்டிருந்த செயலில் அவர்தம் மனம் இல்லை. ஆகவே கண்களை மூடிய மாணவரின் மனம் அலைந்தால், அது அவருடைய தனிப்பட்ட பழுது அன்று. மனிதருக்கெல்லாம் பொதுவான நிலையை அவர் அப்போதுதான் கவனிக்கிறார்.

தோட்ட மருத்துவமனையிலிருந்து இருடிகேசம் வரை

இந்நெறியை மலாயா மண்ணோடு இணைக்கும் பெருமகனார் ஒருவர் உளர். திருநெல்வேலிப் பகுதியில் கோரைப்பாய்க்குப் புகழ்பெற்ற பத்தமடையில் 1887ஆம் ஆண்டில் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்றார். 1913ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் செரம்பானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணியேற்றார். பின்னர் ஜொகூரில் பணியாற்றினார். மலாக்காவின் இருபுறமும் உள்ள இம்மாநிலங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்தபின், 1923ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மறு ஆண்டில் இருடிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். 1936ஆம் ஆண்டில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 200க்கும் மேற்பட்ட நூல்களை இயற்றி, 1963ஆம் ஆண்டில் மறைந்தார். பத்துமலையில் உள்ள சிவானந்த ஆசிரமம் அவர் வழியைப் பின்பற்றுவதாகும்.

சிவானந்தர் தம் போதனையில் தொண்டினை முதற்படியாக வைத்தார். தன்னலமற்ற பணி மனத்தின் அழுக்கைப் போக்கும். அழுக்கு நீங்கிய மனத்தில் தியானம் எளிதில் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. வைகறையில் எழுதல், நாள்தோறும் குறித்த எண்ணிக்கையில் செபித்தல், தன் ஒழுக்கத்தைக் குறிப்பேட்டில் பதிதல் என அவர் வகுத்தவை அனைத்தும் செய்யத்தக்க சிறு செயல்கள். அமைதியை நேரே உண்டாக்கு என்று அவர் பணிக்கவில்லை. அது வருவதற்கு உரிய வாழ்க்கையை அமைக்கச் சொன்னார்.

வகுப்பறையில்

'அமைதி!' என்று ஆசிரியர் குரல் உயர்த்துவதை நாள்தோறும் கேட்கிறோம். அமைதி என்னும் சொல் 'அமை' என்னும் வினையிலிருந்து வந்தது. பொருந்துதல், உரிய இடத்தில் நிலைகொள்ளுதல் என்பன அதன் பொருள்கள். இலக்கண உரைகளில் சொல்லின் பொருத்தத்தைச் சொல்லமைதி என்று வழங்குவதும் அதனாலேயே. ஓசை இன்மை மட்டும் அமைதி ஆகாது. எல்லாம் தத்தம் இடத்தில் பொருந்தியிருத்தலே அமைதி.

இக்கருத்தை வகுப்பில் பயன்கொள்ள ஐந்து நிமிடம் போதும். மாணவர்கள் முதுகெலும்பு நிமிர்ந்து, தோள்கள் தளர்ந்து, தம் இருக்கையிலேயே அமரட்டும். கண்களை மூடுதல் கட்டாயம் அன்று. மேசையில் ஓரிடத்தை நோக்கினும் அமையும். மூச்சை மாற்ற முயலாது, வெளிச்செல்லும் மூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை உள்ளுக்குள் எண்ணட்டும். எண்ணிக்கை தவறினால், தம்மைக் கடிந்துகொள்ளாது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கட்டும். மனம் போனதை அறிந்து திருப்புவதே பயிற்சி. ஒரு நிமிடத்தில் பத்து முறை போயினும், பத்து முறை திருப்பியவர் பத்து முறை பயின்றவர் ஆவார். 'மனம் அடங்கியதா?' என்று ஆசிரியர் கேட்டல் வேண்டா. 'எத்தனை முறை திரும்பி வந்தீர்கள்?' என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு எவரும் வெட்கமின்றி விடை கூறுவர்.

சமய வேறுபாடு உடைய வகுப்பில் மந்திரத்தைக் கட்டாயமாக்காது மூச்சை மட்டும் கொள்ளுதல் தக்கது. விருப்பமில்லாத மாணவர் வாளாவிருக்க உரிமை உடையவர். பெருந்துயரோ அச்சமோ கொண்ட பிள்ளைக்குக் கண்களை மூடி அமர்தல் சில வேளைகளில் கலக்கத்தை மிகுவிக்கும். அத்தகையோரை வற்புறுத்தாமல், பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச்செல்லுதல் கடமையாகும். தியானம் மருத்துவத்திற்கு மாற்று அன்று.

ஆசிரியருக்கும் பதஞ்சலி ஒரு வழி சொல்லிவைத்துள்ளார். மகிழ்ந்திருப்போரிடம் நட்பு, துன்புறுவோரிடம் இரக்கம், நல்லோரிடம் உவப்பு, தீமை செய்வோரிடம் நொதுமல் என்னும் நான்கு மனப்பாங்குகளால் சித்தம் தெளிவுறும் என்பது அது. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் இந்நான்கிற்கும் நாள்தோறும் இடம் உண்டு. கற்பிக்கும் பொழுதே யோகத்தின் ஒரு பகுதியைப் பயில இயலும் என்பது இதனால் பெறப்படும்.

தேர்வுக் காலத்தில் உறக்கம் இழந்து தவிக்கும் மாணவரிடம் இனி 'மனத்தைக் கட்டுப்படுத்து' என்று கூறாதிருப்போம். அவர் செய்யக்கூடியதைச் சொல்வோம்: நிமிர்ந்து உட்கார், மூச்சை எண்ணு, போன மனத்தைத் திருப்பு, நாளையும் இதே வேளையில் உட்கார். இந்நான்கும் இயலாத ஏவல்கள் அல்ல. 'அடங்கு' என்பதை மட்டும் நாம் ஏவ வேண்டுவதில்லை. அது மனத்தின் வினை.